அப்பாவின் வலது தோள்

அத்தியாயம் ஒன்பது

ஆறு கல்லூரிகளில் ஆறாவதும் கையை விரித்துவிட்ட இடத்தில் போன வாரம் பெரியவளை விட்டுவந்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று நாள் கழிந்திருக்கிறது. மூன்று நாளும் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதைப் பேசாமல் இருப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். குளியலறைக் குழாய் ஒழுகுவது, சின்னவளின் பள்ளிக்கூடப் பை கிழிந்தது, மாடி வீட்டு நாய் படுத்தும் பாடு என்று ஒன்றைக்கூட விடவில்லை.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியவளுக்கு இருபத்தைந்து வயது. பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. அந்தப் படிப்பில் சேர அறுபத்தைந்து சதவீதம் வேண்டும். பட்டப்படிப்பில் அவள் வாங்கியிருப்பது ஐம்பத்துநாலு. காரணம் ஒன்றும் மர்மமில்லை. அனுபவம் இருந்தால் சீட் நிச்சயம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படிக்கும்போதே ஒரு பிசியோ கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தாள். பகலெல்லாம் நின்றுவிட்டு மாலை வகுப்பில் உட்கார்ந்தால், பாடத்துக்கு முன்னால் தூக்கம் வந்தது. உடலியங்கியலில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று தேறினாள். அனுபவம் மலை மாதிரி சேர்ந்தது, மார்க் மட்டும் சேரவில்லை.

ஆனாலும் அவளிடம் ஒரு தைரியம் மிச்சம் இருந்தது. மார்க் இல்லாவிட்டால் போகிறது, கை இருக்கிறது. கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஒருவர் விடாமல் சொல்வதுதான்: இந்தப் பெண்ணுக்குக் கைராசி. அதை எந்தக் கல்லூரியும் தன்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இன்று, வியாழக்கிழமை மதியம், கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போகிறாள்.

காலை ஏழு மணிக்கு அப்பா வழக்கம்போல ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் சிக்கிக்கொண்ட லிஃப்ட் கதவை இழுக்கும்போது வலது தோளுக்குள் ஏதோ 'டப்' என்றது. கம்பெனி மேனேஜர் உடனே டாக்டரைப் பார்க்கச் சொன்னார். "எதுக்கு சார், எங்க வீட்லயே டாக்டர் வளருது" என்று அப்பா வந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஆபீஸில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கும் லேசான வேலை. பெரியவளுக்கு அந்தக் கம்பெனியில் 'டாக்டரம்மா' என்று பெயர்.

டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டாள், தோள் இறுகிப்போயிருக்கிறது, தினமும் இழுத்து இழுத்து விட்டால் இளகிவிடும் என்று. அப்படிப்பட்ட தோள்களை கிளினிக்கில் நூறு பார்த்திருக்கிறாள். பாயில் படுக்கவைத்துக் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே இழுப்பது முதல் பாகம். சுவரில் விரல்களை ஏணிப்படி மாதிரி ஏற்றுவது இரண்டாம் பாகம். விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். முதல் கோடு ஃபிரிட்ஜின் கைப்பிடி உயரத்தில் இருந்தது. இப்போது ஃபிரிட்ஜைத் தாண்டிக் காலண்டர் ஆணிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"வலிக்குதாப்பா?"

"கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல. நீ கோடு போடு பெரிசு."

பள்ளிக்கூட ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த சின்னவள் கீழேயிருந்து பார்த்துச் சிரித்தாள். "அப்பா டான்ஸ் ஆடுறாரு. குதிகால் ரெண்டும் தரையிலயே இல்ல."

"உனக்குப் பஸ் வந்துடுச்சு, ஓடு" என்றார் அப்பா.

பெரியவள் கோட்டைப் போட்டுத் தேதி எழுதினாள். கால் சென்டிமீட்டர் ஏறியிருந்தது. மூன்று நாளில் அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அதுதான்.

அம்மா சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்றாள். அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். வீட்டு விஷயத்தில் மட்டும் அந்தக் கண்ணைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவாள்.

"என்னங்க, அவ போறதுக்கு நீங்க எதுக்கு லீவு போட்டீங்க?"

"நான் உள்ள போகப் போறதில்லையே. சும்மா வெளியில உக்காந்திருப்பேன்."

"நீங்க சும்மா உக்காந்து கல்யாணமான நாள்லேர்ந்து நான் பாத்ததில்ல" என்றாள் அம்மா. பிறகு மகளிடம் வந்து, அவள் சட்டைக் காலரைத் தேவையே இல்லாமல் சரிசெய்தாள். "நல்லதோ கெட்டதோ, எனக்கு உடனே போன் பண்ணிடுடி. மெஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டு என்னாச்சோ ஏதாச்சோன்னு இருக்க முடியல."

"பண்றேம்மா."

"ஏதாவது ஒரு வழி இருக்கும்."

"இருக்கும்மா."

இருவருமே மற்றவளுக்காகச் சொன்னார்கள்.

ஆலோசகரின் அறை இரண்டாம் மாடியில். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு, ஒரு டிஷ்யூ பெட்டி. அழுகிறவர்கள் தினமும் வருகிற இடம் என்பது அந்தப் பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. ஆலோசகர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தி உற்சாகமாகப் பேசுவார்கள், அவரும் அப்படித்தான் பேசினார்.

"முதல் வழி, குறைஞ்ச பேப்பரை எல்லாம் திரும்ப எழுதலாம். ஏழு பேப்பர். ரெண்டு வருஷம் ஆகும்."

"எழுதறேன் சார்."

"இருங்கம்மா. பழைய மார்க் அழியாது. ரெண்டையும் கூட்டிப் பாதியாத்தான் எடுப்பாங்க. ஏழுலயும் நீங்க நூத்துக்கு நூறே வாங்கினாலும்..." கால்குலேட்டரைத் தட்டினார். "அறுபத்தொண்ணு வருது."

டிஷ்யூ பெட்டி ஓர் அங்குலம் அவள் பக்கம் நகர்ந்தது.

"வெளிநாட்டுல சில காலேஜ் இருக்கு. மார்க் பெரிசா பாக்க மாட்டாங்க. ஆனா ஃபீஸுக்கு வீட்டை விக்கணும்."

"எங்களது வாடகை வீடு சார். விக்கணும்னா ஓனர்கிட்டதான் கேக்கணும்."

ஆலோசகர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று பெட்டியை இன்னும் ஓர் அங்குலம் தள்ளினார்.

"செயற்கைக் கால் பொருத்துற படிப்பு ஒண்ணு இருந்துது, போன வருஷத்தோட மூடிட்டாங்க. ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கலாம், ஆனா அதுல கம்ப்யூட்டரோட பேசணும், மனுஷங்களோட இல்ல. உங்களுக்கு எது முக்கியம்?"

"மனுஷங்கதான் சார். என் கை நல்லாயிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நாலு வருஷமா கிளினிக்ல நின்னிருக்கேன். அதுக்கு எங்கயாவது மார்க் உண்டா?"

அவர் இழுப்பறையைத் திறந்து நாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"உதவியாளர் டிப்ளமா. இதுல மார்க்கைவிட கைக்குத்தான் மதிப்பு. ரெண்டு வருஷம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். காலம் முழுக்க இன்னொரு பிசியோதெரபிஸ்ட் கீழதான் வேலை. நீங்களா ஒருத்தரைத் தொட்டுப் பாத்து இவருக்கு இன்ன கோளாறுன்னு சொல்லக் கூடாது. இதுலேர்ந்து மேல ஏறவும் வழி கிடையாது."

"அப்போ இப்ப நான் பண்றதையேதான் பண்ணுவேனா?"

"ஆமா. சர்டிபிகேட்டோட பண்ணுவீங்க."

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனால் எல்லாக் கதவும் சாத்திய பிறகு கட்டெறும்பு நுழையும் சந்தும் பெரிய வாசலாகத்தான் தெரியும். பெரியவள் படிவத்தைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தை வேலை பார்த்த இடத்து பிசியோதெரபிஸ்ட் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். 'விண்ணப்பதாரர் தொடர்ந்து உதவிய ஒருவரின் முன்னேற்றத்தை நேரில் பார்த்து எழுதவும்' என்று கேட்டிருந்தது.

"எப்ப சார் கடைசி நாள்?"

"அதான் விஷயம். இன்னிக்குத்தான். அஞ்சு மணிக்குக் கீழ கவுன்டர் மூடிடுவாங்க. மறுபடி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் இந்த கோர்ஸ்."

வெளியே பெஞ்சில் அப்பா இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றவர், அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறி இறங்கி, கதவு அரை வினாடி தாமதமாக மூடுகிறது என்று வாட்ச்மேனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"என்ன சொன்னான்?"

அவள் படிவத்தைக் காட்டிச் சொன்னாள். மேலே ஏற வழியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அப்பா படிவத்தைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, மறுபடி தூரப் பிடித்துப் படித்தார்.

"கால் வைக்க ஒரு இடம் கிடைச்சா போதும். மேல ஏறுறதை அப்புறம் பாத்துக்கலாம். மேல ஏத்துறது யார் தொழில்? உங்கப்பன் தொழில்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏறவே முடியாது என்று சொன்னால் இந்த மனிதருக்குப் புரியாது, புரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நாலு வருஷமாக அவர் அப்படித்தான், மார்க் ஷீட்டைப் பார்த்தும் அப்படித்தான்.

கிளினிக்குக்குப் போய்ச் சேர மணி மூன்றரை ஆகிவிட்டது. அங்கிருந்து திரும்பக் கல்லூரிக்கு பஸ்ஸில் அரை மணி. நாலேகாலுக்குள் கையெழுத்து வாங்கிவிட்டால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

கிளினிக்கை நடத்தும் பிசியோதெரபிஸ்ட் மேடம் திரைச்சீலைகளுக்கு நடுவே நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து அங்கே வேலை செய்கிற யாரும் பார்த்ததில்லை. முழங்கை வரை மடித்த சட்டை, ஒட்ட வெட்டிய தலைமுடி, அளந்து பேசும் பேச்சு. பாராட்டு என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, தூசி தட்டி, திரும்ப உள்ளே வைத்துவிடுகிற ஆள். அந்த மேடமே போன வருஷம் பெரியவளிடம், "உன் கை நல்ல கை" என்று சொல்லியிருக்கிறார். பெரியவள் அந்தத் தேதியை இன்னும் மறக்கவில்லை.

படிவத்தை வாங்கி ஒரே பார்வையில் படித்தார்.

"ஆறுமே இல்லேன்னுடுச்சா?"

"ஆமா மேடம்."

"ம்." டீயை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "இது உனக்குச் சின்ன சட்டைதான். ஆனா போட்டுக்க ஒண்ணாவது இருக்கே. முட்டி மாத்தின டீச்சரை எழுதறேன். அவங்க உன்னைத் தவிர யாரையும் கிட்ட விடறதில்ல. சரியா?"

"சரி மேடம். ரொம்ப..."

"நன்றியெல்லாம் சீட் வந்தப்புறம்."

பேனா மூன்றாம் பக்கத்தில் இறங்கியது. பெயர் எழுதியாகிவிட்டது, எத்தனை வருஷ வேலை என்று எழுதியாகிவிட்டது. இன்னும் நாலு வரியும் ஒரு கையெழுத்தும்தான் பாக்கி. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனாவையே பார்த்தாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

வாசகர்களே, அந்த நேரத்தில் அவர் வாயில் ஒரு மிட்டாயைத் திணிக்க அங்கே யாரும் இல்லாமல் போனார்களே என்று இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. டீச்சர் முட்டியை ஆஸ்பத்திரியில டாக்டர் மாத்தினாரு, அப்புறம் நீங்க பாத்தீங்க. அதுல இவ பங்கு என்னன்னு அவங்க கேக்க மாட்டாங்களா? ஆரம்பத்துலேர்ந்து முழுக்க முழுக்க இவளே பாத்த கேஸ் ஒண்ணு இருக்கு."

மேடம் நிமிர்ந்தார். "யாரு?"

"நான்தான்!" அப்பா வலது தோளை இடது கையால் தட்டிக் காட்டினார். "ஆறு மாசம் மேடம். ஒரு டாக்டர் கிடையாது, ஒரு ஊசி கிடையாது. அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு தினமும் பாத்து, ஃபிரிட்ஜ் கைப்பிடி உயரத்துலேர்ந்து காலண்டர் உயரத்துக்குக் கொண்டுவந்துட்டா. தேதியோட சுவர்ல இருக்கு."

"அப்பா, வேண்டாம்ப்பா. நேரமாகுது."

"அஞ்சு நிமிஷம். நல்லதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

மேடம் மூடியைப் போடாமலே பேனாவை மேஜையில் வைத்தார். "சட்டையைக் கழட்டிட்டு அந்தக் கட்டில் ஓரத்துல உக்காருங்க. பனியனையும்."

வீட்டில் பயிற்சி செய்யும்போது அப்பா பனியனைக் கழற்றியதே இல்லை. பெரியவளும் கேட்டதில்லை. அப்பாவிடம் போய் எப்படிக் கேட்பது? இப்போது அவர் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். இடது தோள்பட்டைக்குப் பின்னால் சதை நிரம்பியிருந்தது. வலது பக்கம் எலும்புக்கு மேலும் கீழும் பள்ளம் விழுந்திருந்தது.

மேடமும் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, கை மட்டும் மெதுவாகிவிட்டது. ஒரு கையை அப்பாவின் இடுப்பிலும் இன்னொரு கையை முதுகிலும் வைத்து உடம்பு சாயாமல் அணைகொடுத்தார்.

"சாயக் கூடாது, எம்பக் கூடாது. கையை மட்டும் பக்கவாட்டுல தூக்குங்க."

அப்பா தூக்கினார். காலண்டர் உயரத்துக்கு அல்ல, காலண்டருக்குப் பாதி வழிகூட இல்லை. கோணம் அளக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை வைத்துப் பார்த்தார் மேடம்.

"எழுபது."

நல்ல தோள் நூற்றெண்பது போகும். முதல் நாள் பெரியவள் கண்ணளவில் போட்ட மதிப்பு தொண்ணூறு.

"இப்ப நீங்க தளர்த்திக்குங்க. நானே தூக்கறேன்." மேடம் கையைப் பிடித்துத் தூக்கினார். அது தடையே இல்லாமல் போனது. எண்பது, நூறு, நூற்றிருபது. இறுகிப்போன தோள் யார் தூக்கினாலும் போகாது. இது போனது. பாயில் படுக்கவைத்து இழுக்கும்போதும் போனதுதான், அதைத் தன் கைராசி என்று நினைத்திருந்தாள் பெரியவள். மேடம் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். துண்டுகளை மடித்துக்கொண்டே அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். யாருக்கு எதற்காகச் செய்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

"நான் விடப் போறேன். கையை இப்படியே பிடிச்சு நிறுத்துங்க."

மேடம் விட்டார். கை பொத்தென்று தொடையில் விழுந்தது. அப்பாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இந்த ஆறு மாதத்தில் அவள் கேட்காத சத்தம்.

மேடம் அந்தக் கையை நிதானமாக எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று மேடம் கேட்டார்.

அப்பா மகளைப் பார்க்கவில்லை. "காலையில ரெண்டு. ஆறரை மணிக்கு."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்குப் பயிற்சி. பெரியவளுக்குக் கணக்குப் போட இரண்டு வினாடி ஆயிற்று.

"வலிக்கலைன்னு சொன்னீங்களேப்பா. தினமும் கேட்டேனே."

"நீ ஃபார்ம் ஃபார்மா எழுதிட்டிருந்த நேரம்மா அது. ஒவ்வொரு இடமா இல்ல இல்லன்னு வந்துட்டிருந்துது. கோடு ஏறினா உன் முகம் மலரும். அதை ஒண்ணைத்தான் என்னால குடுக்க முடிஞ்சுது." அவர் கட்டில் விரிப்பைத் தடவினார். "குதிகாலைக் கொஞ்சம் தூக்கினா ஏறிடும். அதுல ஒண்ணும் தப்பாத் தெரியல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர்கள் உண்டு. இவர் கிழிந்த தோளைப் பனியனில் மறைத்திருக்கிறார்.

மேடம் பெரியவள் பக்கம் திரும்பினார். "இறுகின தோள்னு யார் சொன்னது?"

"நான்தான் மேடம்."

"இழுத்தியா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"தினமும். என்னால முடிஞ்ச வரைக்கும்."

மேடம் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "உள்ள நரம்பு மாதிரி ஒரு நாண் இருக்கு, எலும்பையும் சதையையும் கட்டி வைக்கிறது. அது அன்னிக்கு லிஃப்ட் கதவுலயே கிழிஞ்சிருக்கும். அப்பவே தச்சிருந்தா சரியாயிருக்கும். ஆறு மாசம் கிழிசலையே பிடிச்சு இழுத்தா அது பின்னால சுருண்டு போயிடும். சதையும் கரைஞ்சு போச்சு. இப்ப தைக்க முடியுமா முடியாதான்னு ஸ்கேன் பாத்துத்தான் சொல்ல முடியும்."

"முடியலைன்னா?" என்றார் அப்பா.

"இதுதான் உங்க கை."

அப்பா தலையாட்டினார், ஒரு லிஃப்டின் கோளாறைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. பிறகு படிவத்தைப் பார்த்தார். "மேடம், பொய் சொன்னது நான். இவ மேல தப்பில்ல. டீச்சரையே எழுதிடுங்க. நான் இந்தப் பக்கம் வரவே இல்லைன்னு வச்சுக்குங்க."

மேடம் படிவத்தைக் கையில் எடுத்தார். நிரப்பிய வரிகளைப் படித்தார். பெரியவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் உடம்பு முழுக்க அந்தப் பேனாவையே கேட்டுக்கொண்டிருந்தது, வெட்கமில்லாமல்.

"என்னால முடியாதும்மா" என்றார் மேடம். "நான் போடலைன்னா உனக்குக் கோபம் வரும். போட்டா எனக்குத் தூக்கம் வராது. தெரியாததைத் தெரியும்னு சொல்ற கை, தெரியாத கையைவிட மோசம். இதை நான் உனக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும். நாலு வருஷமா துண்டு மடிக்கத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவர் படிவத்தை இரண்டாக மடித்து அவளிடம் கொடுத்தார். பிறகு வேறொரு தாளை எடுத்து, எலும்பு டாக்டர் ஒருவருக்கு நாலு வரி எழுதி அப்பாவிடம் கொடுத்தார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட அவருக்கு ஒரு வினாடிதான் ஆயிற்று.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும். நீ வேலைக்கு வர வேண்டாம், அப்பாவோட போ. மத்ததை அப்புறம் பேசலாம்."

மற்றது என்றால் எது? வேலையா?

அப்பா சட்டையை எடுத்தார். பதற்றத்தில் இடது கையை முதலில் நுழைத்துவிட்டார். வலது கை பின்னால் போகாமல் சட்டை முதுகில் தொங்கியது. அடிபட்ட கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும் என்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் பெரியவள். அவள் எழுந்து போய் அவர் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

அப்பா சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

நகர்ந்த பிறகுதான் நகர்ந்தது அவருக்கே தெரிந்தது. "இல்லம்மா, அது சும்மா... வா, பிடி" என்று கையை அவளிடம் நீட்டப் பார்த்தார். எழுபதுகூடத் தூக்க முடியவில்லை. பெரியவள் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஆறு மாதம் தினமும் காலையில் அந்தத் தோள் அவளிடம் வந்தது பயந்துகொண்டேதான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. கடைசியில் மேடம்தான் சட்டையைப் போட்டுவிட்டுப் பொத்தான்களை மாட்டினார்.

மணி நாலு பத்து. இப்போது கிளம்பினாலும் கவுன்டருக்குப் போய்விடலாம். போய் எதைக் கொடுப்பது?

இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரியவள் மடித்த படிவத்தைப் பிரிக்கவில்லை. பிடுங்க முடியாது என்று நினைத்திருந்த ஒன்றும் போய்விட்டது. பிடுங்கியது கல்லூரியும் இல்லை, மேடமும் இல்லை என்பதால் கோபப்படக்கூட ஆள் இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை.

போன் அடித்தது. அம்மா.

பெரியவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். நல்லதோ கெட்டதோ என்று அம்மா சொல்லியிருந்தாள். கெட்டதில் எதிலிருந்து ஆரம்பிப்பது? சீட்டிலிருந்தா, தோளிலிருந்தா? போன் ஆறாவது தடவை அடித்தபோது அப்பா இடது கையால் போனை வாங்கிக்கொண்டார்.

"சொல்லு... ஆமா, முடிஞ்சுது."

அம்மாவின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்டது. "என்னங்க சொல்றாங்க? சீக்கிரம் சொல்லுங்க, மெஷினை நிறுத்திட்டு நிக்கறேன்."

அப்பா தெருவைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். ஆறு மாதமாகக் காலை ஏழு மணிக்குப் பார்க்கிற அதே பார்வை. பெரியவளுக்கு அடுத்த வார்த்தை என்னவென்று தெரிந்துவிட்டது. "அப்பா" என்று வாயசைத்தாள், சத்தம் வரவில்லை.

"கிடைச்சிடுச்சு" என்றார் அப்பா. "உதவியாளர் டிப்ளமா சீட்டு. மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இதோ, குடுத்துட்டு வர வேண்டியதுதான்."

"நிஜமாவா?"

"பொய்யா சொல்வேன்?"

"கடையில எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?"

"சொல்லேன். அதுக்கென்ன."

"அவகிட்ட குடுங்க."

அப்பா போனை நீட்டினார். அவர் கண் அவளிடம் கெஞ்சியது. இந்த ஒரு நாள் மட்டும், உங்கம்மா இன்னிக்கு ஒரு நாள் தூங்கட்டும் என்று அந்தக் கண் சொன்னது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் இங்கேயே நின்றுவிடும். பெரியவள் போனைக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பின்னால் கடைக்காரப் பெண்கள் என்ன என்ன என்று கேட்பதும், அம்மா அழுகைக்கு நடுவே சிரிப்பதும் கேட்டது.

"மூணு நாளா எனக்கு மூச்சே விட முடியலடி. இப்பத்தான் விடறேன். நிஜந்தானே? அவரு விளையாடலையே? நீ சொல்லு, நீ சொன்னாத்தான் நம்புவேன்."

"நிஜந்தாம்மா" என்றாள் பெரியவள்.